பிளாஸ்டிக் பனிக்குடம்: செயற்கைக் கருப்பை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாட்ஸ்அப்பில் சுற்றும் "செயற்கைக் கருப்பை" வீடியோக்களில் பெரும்பாலானவை கம்ப்யூட்டரில் வரைந்தவை. உண்மையானவற்றில் இருப்பது ஆட்டுக்குட்டி. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "இனி பெண்கள் பிள்ளை பெறவே வேண்டாமாமே" என்ற பேச்சு கிளம்புகிறது. பலரும் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

செயற்கைக் கருப்பை என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் அதில் இதுவரை வளர்ந்தவை விலங்குக் குட்டிகள் மட்டுமே. 2017 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஆலன் ஃபிளேக், எமிலி பார்ட்ரிட்ஜ், மார்கஸ் டேவி ஆகியோரின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரு செம்மறி ஆடு ஏறக்குறைய 147 நாள் சினையாக இருக்கும். இவர்கள் 105 முதல் 120 நாள் வரையிலான எட்டுக் குட்டிகளை சிசேரியன் செய்து வெளியே எடுத்து, ஒரு பைக்குள் வைத்து, அதிகபட்சம் நான்கு வாரம் வளர்த்தார்கள். நுரையீரல் வளர்ச்சியை வைத்துப் பார்த்தால், அவற்றில் இளையவை 23, 24 வாரத்து மனிதக் கருவுக்குச் சமம்.

பையில் இருந்தபோதே குட்டிகள் கண் திறந்தன, கால்களை உதைத்தன, எடை போட்டன. உள்ளே போகும்போது ரோமமில்லாமல் இளஞ்சிவப்பாக இருந்த உடலில் வெள்ளை ரோமம் முளைத்தது. பிறகு பெரும்பாலானவற்றைக் கொன்று மூளை, நுரையீரல் எல்லாவற்றையும் பரிசோதித்தார்கள். வீடியோவில் இந்தப் பகுதி வராது.

அந்தப் பைக்குள் என்னதான் நடக்கிறது?

பார்க்க, ஃபிரிட்ஜில் காய்கறி போட்டு வைக்கும் பெரிய ஜிப் பை போலத்தான் இருக்கும். ஒளி ஊடுருவும் பாலிஎத்திலீன். உள்ளே உப்புகள் கலந்த வெதுவெதுப்பான நீர். நம் பனிக்குட நீருக்குப் பதிலாக. அது ஒரு பக்கம் புதிதாக வந்துகொண்டும் மறுபக்கம் வெளியேறிக்கொண்டும் இருக்கும். ஆரம்பத்தில் இதே குழு திறந்த தொட்டியில்தான் முயன்றது. கிருமித் தொற்று வந்து கெடுத்தது. அதனால்தான் மூடிய பைக்கு மாறினார்கள்.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி பை இல்லை, தொப்புள்கொடிதான். குட்டியை வெளியே எடுத்தவுடன் கொடியின் ரத்தக் குழாய்களில் மெல்லிய குழாய்களைச் செருகி, அவற்றை ஆக்சிஜனேற்றும் சிறு கருவியோடு இணைக்க வேண்டும். தொட்டாலே, குளிர்ந்தாலே அந்த ரத்தக் குழாய்கள் இறுகிக்கொள்ளும். இயற்கை அப்படித்தான் அமைத்திருக்கிறது, இல்லையென்றால் பிறந்தவுடன் கொடி வழியே ரத்தம் போய்விடுமே. அது சுருங்காமல் இருக்க மருந்து போட்டு, சில நிமிடங்களுக்குள் வேலையை முடிக்க வேண்டும்.

ஜெயலலிதாவுக்கு 2016-இலும், எஸ்.பி.பி.க்கு 2020-இலும் எக்மோ வைத்தார்கள் என்று செய்திகளில் கேட்டிருப்போம். உடலுக்கு வெளியே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் அந்தக் கருவியின் உறவுக்காரன்தான் இது. ஒரு முக்கியமான வித்தியாசம்: எக்மோவில் ரத்தத்தைத் தள்ள பம்பு உண்டு, ஃபிலடெல்ஃபியா பையில் பம்பு கிடையாது. குட்டியின் இதயமே ரத்தத்தைக் கருவிக்குத் தள்ளி, திரும்ப வாங்கிக்கொள்கிறது. வெளியிலிருந்து பம்பு வைத்து அழுத்தினால் அந்தப் பிஞ்சு இதயம் தாங்காது என்பதுதான் காரணம்.

சாப்பாடு? குளுக்கோஸ், புரதச் சத்து, கொழுப்பு எல்லாம் நேரே ரத்தத்தில். நுரையீரலுக்குள் காற்று போவதே இல்லை. வயிற்றில் இருந்தபோது போலவே நீரால் நிறைந்திருக்கிறது.

இன்குபேட்டர் இருக்கிறதே, இது எதற்கு?

இதுதான் சரியான கேள்வி. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

இன்குபேட்டர் ஒரு கதகதப்பான பெட்டி. அதற்குள் இருக்கும் குழந்தை, பிறந்துவிட்ட குழந்தை. அது மூச்சு விட்டாக வேண்டும். 23 வாரத்தில் பிறந்த குழந்தை ஏறக்குறைய அரை கிலோ இருக்கும். அதன் நுரையீரலில் காற்றறைகள் இன்னும் உருவாகவே இல்லை. வென்டிலேட்டர் வைத்துக் காற்றைத் தள்ளினால் உயிர் நிற்கும், ஆனால் அதே காற்று நுரையீரலைக் காயப்படுத்தும். நாள்பட்ட மூச்சுக் கோளாறு, மூளையில் ரத்தக் கசிவு, குடல் அழுகல், கண் விழித்திரைப் பாதிப்பு என்று வரிசையாக வரும் பிரச்சினைகளில் பல, வெளியே வந்துவிட்டதால் வருபவை.

அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைகளில் 2013 முதல் 2018 வரை பிறந்த குழந்தைகளை வைத்துச் செய்த கணக்கு ஒன்று உண்டு. முழுத் தீவிர சிகிச்சை கொடுத்தும் 22 வாரத்தில் பிறந்தவர்களில் 30 சதவீதம்தான் வீடு திரும்பினார்கள். 23 வாரத்தில் ஏறத்தாழ 56 சதவீதம். 28 வாரத்தில் 94. ஆறு வாரத்துக்குள் எவ்வளவு பெரிய ஏற்றம் பாருங்கள். பையின் நோக்கம் இந்த ஆறு வாரத்தைக் கடப்பதுதான். பிறக்காதது போலவே குழந்தையை வைத்திருந்து, 28 வாரம் ஆனதும் "பிறக்க" வைப்பது.

ஆகவே இதைச் செயற்கைக் கருப்பை என்பதைவிடச் செயற்கை நஞ்சுக்கொடி என்பதுதான் பொருந்தும். ஆராய்ச்சியாளர்களில் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் "கருப்பை" என்றால்தானே செய்தி விற்கும்!

இதை ஃபிலடெல்ஃபியாவில் மட்டும்தான் செய்கிறார்களா?

இல்லை. அவர்களுக்கு முன்னாலேயே ஜப்பானில் ஆரம்பித்துவிட்டது. டோக்கியோவின் ஜுன்டெண்டோ பல்கலைக்கழகத்தில் யோஷினோரி குவபாரா 1990-களில் வெள்ளாட்டுக் குட்டிகளைத் தொட்டியில் வைத்து மூன்று வாரம் வரை காப்பாற்றினார். குட்டி உதைத்துக் குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க அதை அசையாமல் வைக்கும் மருந்து கொடுக்க வேண்டியிருந்தது.

மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகமும் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழக மருத்துவமனையும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு, என் கணக்கில் ஃபிலடெல்ஃபியாவைவிட முக்கியமானது. அவர்கள் எடுத்துக்கொண்டவை 95 நாள் குட்டிகள். எடை 600 முதல் 700 கிராம். அதாவது குறைமாத மனிதக் குழந்தையின் அளவுக்குக் கிட்டத்தட்ட இறங்கிவிட்டார்கள். ஐந்து நாள் வைத்திருந்தார்கள். செய்தித்தாள்கள் கண்டுகொள்ளவில்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகம் வேறு வழியில் போகிறது. அங்கே பையே கிடையாது. வெளியே எடுத்த ஆட்டுக்குட்டியின் நுரையீரலில் மட்டும் நீரை நிரப்பி, கழுத்து ரத்தக் குழாய் வழியே எக்மோ மாதிரி இணைக்கிறார்கள். நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழுவுக்கு 2019-இல் ஐரோப்பிய ஒன்றியம் 29 லட்சம் யூரோ கொடுத்தது.

கரு உண்டானது முதல் குழந்தை ஆகும் வரை முழுவதும் வெளியிலேயே வளர்க்க முடியுமா?

முடியாது. கிட்டத்திலும் இல்லை.

இரண்டு முனைகளிலிருந்தும் சுரங்கம் தோண்டுகிறார்கள் என்பது உண்மை. முன்பக்க முனையில், ஆய்வகத் தட்டில் மனிதக் கருவை 2016-இல் கேம்பிரிட்ஜிலும் நியூயார்க்கிலும் 12, 13 நாள் வரை வளர்த்தார்கள். அதோடு அவர்களே நிறுத்தினார்கள். 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்பது 1984-இல் பிரிட்டனின் வார்னாக் குழு பரிந்துரைத்து, பிறகு பல நாடுகள் ஏற்றுக்கொண்ட எல்லை; இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதலும் அதையேதான் சொல்கிறது. 2021-இல் பன்னாட்டு ஸ்டெம் செல் ஆய்வுச் சங்கம் இந்த எல்லையைக் கண்டிப்பான தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் நாட்டுச் சட்டங்கள் அப்படியேதான் இருக்கின்றன.

அதே 2021-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஜேக்கப் ஹன்னாவின் குழு எலிக் கருவைச் சுழலும் கண்ணாடிக் குப்பிகளில் வைத்து 11-ஆம் நாள் வரை கொண்டுவந்தது. எலியின் கர்ப்பகாலம் 20 நாள்தான், ஆகவே இது பாதி வழி. இதயம் துடித்தது, கை கால் மொட்டுகள் தெரிந்தன. அதற்குமேல் போகவில்லை. கரு பெரிதானால், சுற்றியுள்ள நீரிலிருந்து ஆக்சிஜன் ஊறி உள்ளே போவது போதாது. நஞ்சுக்கொடியும் ரத்த ஓட்டமும் வேண்டும்.

பின்பக்க முனை 22 வாரத்தில் நிற்கிறது. அதற்கும் கீழே போனால் தொப்புள்கொடி நூல் மாதிரி ஆகிவிடும். அதற்குள் நுழையும் குழாய் இல்லை. 500 கிராம் குழந்தையின் உடலில் மொத்தமே ஏறத்தாழ 50 மில்லி ரத்தம்தான் இருக்கும். சின்ன மருந்துக் குப்பி ஒன்றில் அடங்கிவிடும். வெளிக் கருவிக்குள் எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும் ரத்தத்தையும் அந்த அளவுக்குள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக, 2 வாரத்துக்கும் 22 வாரத்துக்கும் நடுவே எந்தக் கருவியும் இல்லை. உறுப்புகள் எல்லாம் உருவாகும் காலம் அது. தாயின் உடலில் நஞ்சுக்கொடி அப்போது செய்யும் வேலைகளை, அதாவது ஹார்மோன் சுரப்பது, தாயின் நோயெதிர்ப்பு கருவை எதிரியாகப் பார்க்காமல் சமாதானம் செய்வது, கழிவை வாங்கிக்கொள்வது ஆகியவற்றை இயந்திரத்தில் செய்ய யாருக்கும் தெரியாது.

சீனாவில் கர்ப்பம் சுமக்கும் ரோபோ வந்துவிட்டதாமே?

பொய். 2025 ஆகஸ்டில் அந்தச் செய்தி உலகம் முழுக்கப் பரவியது. சிங்கப்பூரின் நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தவர் என்று ஒருவரைக் காட்டினார்கள். அப்படி ஓர் ஆராய்ச்சி எங்களிடம் நடக்கவே இல்லை என்று பல்கலைக்கழகமே மறுத்துவிட்டது. மறுப்பை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை.

வரிசையாகக் கண்ணாடிக் குடுவைகள், உள்ளே தூங்கும் குழந்தைகள், ஆண்டுக்கு 30,000 பிரசவம் என்று ஒரு வீடியோ 2022 டிசம்பரில் வந்ததே, அது பெர்லினில் வசிக்கும் ஹாஷெம் அல்-கைலி என்ற வீடியோ தயாரிப்பாளரின் கற்பனை. அவரும் அதை ஒரு கருத்துரு, அதாவது வெறும் யோசனை என்றுதான் சொன்னார். அப்படி ஒரு கட்டடம் எங்கும் இல்லை.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது? நம் புராணத்திலேயே இருக்கிறது என்கிறார்களே?

குடத்தில் பிறந்த அகத்தியரும், நெய்க் குடங்களில் வளர்ந்த கௌரவர்களும் நம் கதைகளில் இருக்கிறார்கள். 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தரே, கௌரவர்கள் ஸ்டெம் செல், டெஸ்ட் டியூப் தொழில்நுட்பத்தில் பிறந்தவர்கள் என்று பேசினார். விஞ்ஞானிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கதையைக் கதையாக ரசிக்கலாம். தொப்புள்கொடியில் குழாய் செருகுவது எப்படி என்று வியாசர் எழுதி வைக்கவில்லை.

அறிவியல் தரப்பில் முதலில் பேசியவர் பிரிட்டிஷ் உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1923-இல் கேம்பிரிட்ஜில் வாசித்த ஒரு கட்டுரையில், 150 ஆண்டுகள் கழித்து ஒரு மாணவன் எழுதுவது போலக் கற்பனை செய்தார்: 1951-இல் முதல் குழந்தை கருப்பைக்கு வெளியே வளரும், 2070-களில் இங்கிலாந்தில் பெண் வயிற்றில் பிறக்கும் குழந்தைகள் 30 சதவீதத்துக்கும் குறைவாகிவிடும் என்று. அதே ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்கே குடிவந்து, கொல்கத்தாவில் வேலை செய்து, 1964-இல் புவனேஸ்வரில் இறந்தார். 1955-இல் அமெரிக்காவில் இமானுவேல் கிரீன்பெர்க் என்பவர் செயற்கைக் கருப்பைக்குக் காப்புரிமையே வாங்கினார். தொட்டி, நீர், தொப்புள்கொடியோடு இணைந்த இயந்திரம் எல்லாம் படத்தில் இருக்கும். செய்து பார்த்தவர் யாரும் இல்லை.

மனிதக் குழந்தைக்கு எப்போது?

2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இரண்டு நாள் நிபுணர் கூட்டம் நடத்தியது. மனிதச் சோதனைக்கு அனுமதிக்கும் முன் என்னென்ன கேட்க வேண்டும் என்பதுதான் பேச்சு. ஃபிலடெல்ஃபியா குழுவின் தொழில்நுட்பத்தை வைத்து விட்டாரா பயோமெடிக்கல் என்ற நிறுவனம் இதற்கு முயன்றுவருகிறது. ஒரு குழந்தையைப் பையில் வைத்ததாக எங்கும் அறிவிப்பு வரவில்லை.

நிபுணர்கள் தயங்கும் இடம் மூளை. 24 வாரத்து மனித மூளையில், நடுவே இருக்கும் ஒரு பகுதியின் ரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. லேசான அழுத்த மாற்றத்திலேயே வெடித்துவிடும். ஆட்டுக்குட்டியின் மூளை அதே பருவத்தில் இன்னும் முதிர்ந்திருக்கும். ஆகவே ஆட்டுக்குட்டிக்கு மூளையில் ரத்தம் கசியவில்லை என்றால் மனிதக் குழந்தைக்கும் கசியாது என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, குழாய்களில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுத்தாக வேண்டும். ரத்தக் கசிவு ஆபத்துள்ள மூளைக்கு உறையாமை மருந்து!

முதல் குழந்தை யார் என்பதும் சிக்கல்தான். பிழைக்க வாய்ப்பு குறைவான 22 வாரக் குழந்தையைத் தேர்ந்தெடுத்தால் தோல்வி நிச்சயம் போல இருக்கும். 25 வாரக் குழந்தையை எடுத்தால், இன்குபேட்டரிலேயே பிழைத்திருக்குமே என்ற கேள்வி வரும்.

தாய்க்கு இது எளிதா?

எளிதில்லை. பையில் வைக்க வேண்டுமென்றால் சுகப்பிரசவம் ஆகக் கூடாது. குழந்தை மூச்சு விடத் தொடங்கும் முன் சிசேரியன் செய்தாக வேண்டும். அதுவும் 23, 24 வாரத்தில் கருப்பையின் கீழ்ப்பகுதி இன்னும் மெலிந்து விரிந்திருக்காது. பெரும்பாலும் நெடுக்குவாட்டில் வெட்ட வேண்டியிருக்கும். அந்தத் தழும்பு அடுத்த பிரசவத்தில் பிரிந்துவிடும் ஆபத்து அதிகம். குழந்தைக்காக அம்மா எதையும் தாங்குவாள் என்று நம் வீடுகளில் சொல்லிவிடுவார்கள். கையெழுத்து வாங்கும் முன் இதை அந்தப் பெண்ணிடம் விளக்கியாக வேண்டும், அவளுடைய மாமியாரிடமோ கணவரிடமோ மட்டும் இல்லை.

அம்மாவின் வயிற்றில் கிடைக்கும் எல்லாம் பையில் கிடைக்குமா?

குரலைக் கேட்க வைக்கலாம். இதயத் துடிப்பை ஒலிக்க விடலாம். அது சின்ன விஷயம். கிடைக்காதது வேறு. தாயின் நோயெதிர்ப்புப் புரதங்கள் பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகின்றன. பையில் இருக்கும் குழந்தைக்கு அது வராது. வெளியிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும். இன்னொன்று: பிரசவம் ஆனதும் தாய்க்குப் பால் சுரக்கும், குழந்தையோ குடிக்கும் நிலையில் இருக்காது. அந்தத் தாயின் மார்பு வலியைப் பற்றி எந்த விஞ்ஞானக் கட்டுரையிலும் பெரிதாகப் பேசுவதில்லை. தாய்ப்பால் வங்கிக்கு அது உதவும் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பெண்களுக்கு இது விடுதலை இல்லையா?

கர்ப்பம் ஆபத்தில்லாதது என்று யாரும் சொல்ல முடியாது. 2018–20 கணக்குப்படி இந்தியாவில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 97 தாய்மார்கள் இறந்தார்கள்; தமிழ்நாட்டில் 54. ஆனால் அவர்கள் இறந்தது கருப்பையில் சுமந்ததால் மட்டும் இல்லை. ரத்தப்போக்கை நேரத்தில் நிறுத்தாதது, ரத்த அழுத்தத்தைப் பார்க்காமல் விட்டது, ஆம்புலன்ஸ் தாமதம் எல்லாம் சேர்ந்துதான். தமிழ்நாட்டின் எண் தேசிய எண்ணில் பாதியளவுக்கு இறங்கியதற்கு ஆரம்ப சுகாதார நிலையமும் செவிலியரும் ரத்த வங்கியும்தான் காரணம்.

அப்புறம், அலுவலகத்தில் ஆறு மாதப் பிரசவ விடுப்பு கொடுக்க முகம் சுளிக்கும் முதலாளி, "பை வசதி இருக்கிறதே, ஏன் லீவு கேட்கிறாய்" என்று கேட்க எத்தனை நாள் ஆகும்? என் பயம் அங்கேதான் இருக்கிறது.

கருப்பை இல்லாத பெண்களுக்கு உதவுமா?

இந்தப் பை உதவாது. அதற்கு முதல் 22 வாரத்துக்கு ஒரு கருப்பை வேண்டுமே. பிறவியிலேயே கருப்பை இல்லாத பெண்கள் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவர். அவர்களுக்கு இன்று இருக்கும் வழிகள் இரண்டு. ஒன்று வாடகைத் தாய்: 2021 சட்டப்படி இந்தியாவில் பணத்துக்காகச் சுமப்பது தடை. இன்னொன்று கருப்பை மாற்று அறுவை: ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் 2014-இல் முதல் குழந்தை பிறந்தது. புனேயில் 2017-இல் மாற்று அறுவை நடந்து, 2018 அக்டோபரில் இந்தியாவின் முதல் குழந்தை பிறந்தது. கருப்பையைக் கொடுத்தது அந்தப் பெண்ணின் அம்மா. தான் வளர்ந்த கருப்பையிலேயே தன் பிள்ளையையும் சுமந்திருக்கிறார்.

கருக்கலைப்புச் சட்டத்தை இது மாற்றுமா?

மாற்றும் என்றே நினைக்கிறேன், சத்தமில்லாமல். 2021 திருத்தத்துக்குப் பிறகு இந்தியாவில் குறிப்பிட்ட நிலைகளில் உள்ள பெண்களுக்கு 24 வாரம் வரை அனுமதி. அதற்குமேல் மருத்துவக் குழு, நீதிமன்றம் என்று போக வேண்டும்.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் நடந்ததைப் பார்க்கலாம். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உள்ள 27 வயதுப் பெண், பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர். கர்ப்பம் என்று தெரியவே தாமதமாகிவிட்டது. முதலில் நீதிமன்றம் கலைக்க அனுமதித்தது. பிறகு எய்ம்ஸ் மருத்துவர் ஒருவர், இந்தக் கரு உயிரோடு பிறக்க வாய்ப்புள்ளது, இதயத்தை நிறுத்தச் சொல்கிறீர்களா என்று கேட்டு எழுதினார். இரண்டு நீதிபதிகளும் மாறுபட்டுத் தீர்ப்பளித்தார்கள். கடைசியில் தலைமை நீதிபதி அமர்வு அனுமதி மறுத்தது. அப்போது 26 வாரம் ஐந்து நாள்.

இன்குபேட்டர் மட்டும் இருக்கும்போதே இவ்வளவு. "கலைக்க வேண்டாம், பைக்கு மாற்றிவிடலாம்" என்ற வசதி வந்தால், பெண்ணின் விருப்பத்தைக் கேட்காமலே வயிற்றைக் கிழிக்க உத்தரவிடும் வாதம் தயாராகிவிடும். கர்ப்பத்திலிருந்து விடுபடுவது வேறு, தனக்கு ஒரு பிள்ளை உலகில் இருக்க வேண்டாம் என்று முடிவெடுப்பது வேறு. இதுவரை இரண்டும் ஒரே செயலாக இருந்ததால் சட்டம் பிரித்துப் பார்த்ததில்லை.

பையில் இருப்பது கருவா, குழந்தையா? ஜாதகம் எந்த நேரத்துக்குக் கணிப்பது?

சிரிக்காதீர்கள், இந்தக் கேள்வி நிச்சயம் வரும். தாயிடமிருந்து எடுத்த நேரமா, பையிலிருந்து எடுத்து முதல் மூச்சு விட்ட நேரமா? நாளும் நேரமும் மாறினால் ராசி லக்னம் எல்லாம் மாறிவிடும். ஜோசியர்கள் எப்படியும் ஒரு வழி கண்டுபிடித்துவிடுவார்கள். நகராட்சிக்குத்தான் கஷ்டம்: பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். எந்த நாளிலிருந்து 21?

இதைவிட முக்கியமான ஒன்று நம் நாட்டுக்கே உரியது. ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று சொல்வது 1994 சட்டப்படி குற்றம். பையோ ஒளி ஊடுருவுவது. அருகே போய் நின்றால் தெரிந்துவிடும். இயந்திரத்தை நிறுத்தலாமா தொடரலாமா என்று மருத்துவர் கேட்கும் ஒரு கட்டத்தில், பெண் குழந்தை என்று ஏற்கெனவே தெரிந்த குடும்பம் என்ன சொல்லும்? ஃபிலடெல்ஃபியாவில் இந்தக் கேள்வியை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். இங்கே யோசிக்காமல் இருக்க முடியாது.

நம் ஊருக்கு வருமா? என்ன செலவாகும்?

விலை என்று இன்னும் எதுவும் இல்லை, ஏனென்றால் விற்பனைக்கே வரவில்லை. ஆனால் பிரசவ அறைக்குப் பக்கத்திலேயே அறுவை சிகிச்சைக் குழு, எக்மோ தெரிந்த குழு, வாரக்கணக்கில் 24 மணி நேரமும் ஆள் எல்லாம் வேண்டும். சென்னை, கோவை மாதிரி ஊர்களின் பெரிய தனியார் மருத்துவமனைகளில் முதலில் வரும். அங்கேயே கொஞ்ச காலம் நின்றுவிடும்.

எனக்கு உறுத்துவது கணக்கு. 2020-இல் உலகில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அதில் ஏறத்தாழ 30 லட்சம் இந்தியாவில்; வேறெந்த நாட்டையும்விட அதிகம். இந்தக் குழந்தைகளில் நூற்றுக்கு 85 பேர் 32 வாரம் தாண்டியவர்கள். அவர்களுக்குப் பை வேண்டாம். கதகதப்பு, தாய்ப்பால், தொற்று வராமல் பார்த்துக்கொள்ளும் கை, இவ்வளவுதான் வேண்டும்.

டெல்லி உட்பட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் உலகச் சுகாதார நிறுவனம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளைப் பிறந்தவுடனே தாயின் நெஞ்சோடு தோல் படும்படி கட்டி வைத்தார்கள். கங்காரு பராமரிப்பு என்று நம் அரசு மருத்துவமனைகளிலும் சொல்லித் தருகிறார்களே, அதுதான். வழக்கப்படி பார்த்துக்கொண்ட குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 15.7 சதவீதம்; உடனே நெஞ்சில் வைத்தவர்களில் 12 சதவீதம். பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். அதற்குத் தேவைப்பட்ட "கருவி", தாயும் குழந்தையும் ஒரே அறையில் இருக்கும்படி ஒரு கட்டில்.

பை வேண்டாம் என்று சொல்லவில்லை. 23 வாரக் குழந்தைக்குக் கட்டில் போதாது. ஆனால் பைக்கு நிதி கேட்டு வரும் மருத்துவமனையிடம், உங்கள் வார்டில் தாய்க்குக் கட்டில் இருக்கிறதா என்று முதலில் கேட்கலாம்.

சரி, இப்போதே ஒருவருக்கு 27, 28 வாரத்தில் வலி வந்துவிட்டால் என்ன செய்வது?

பிரசவத்துக்கு முன்பே, குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குத் தாயைக் கொண்டுபோக வேண்டும். பிறந்த பிறகு குழந்தையை மட்டும் ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் வைத்தே கொண்டுபோவது எவ்வளவோ மேல்.

குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஸ்டீராய்டு ஊசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். விலை மலிவான மருந்து. இதுவும் ஆட்டுக்குட்டியிடமிருந்து வந்ததுதான்: நியூசிலாந்தின் கிரஹாம் லிக்கின்ஸ், வயிற்றில் இருந்தபோதே ஸ்டீராய்டு கொடுத்த குறைமாத ஆட்டுக்குட்டி எதிர்பாராமல் மூச்சு விடுவதைக் கவனித்தார். 1972-இல் அவரும் ரோஸ் ஹௌவியும் அதைத் தாய்மார்களிடம் நிரூபித்தார்கள்.

"ஏழு மாசம் தங்கும், எட்டு மாசம் தங்காது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், நம்பாதீர்கள். வயிற்றில் கூடும் ஒவ்வொரு வாரமும் லாபம்தான்.

குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கொடுக்க ஆரம்பிக்க வேண்டும், மருத்துவர் சரி என்றதும் நெஞ்சோடு வைக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் சந்தோஷத்தில் பலர் விட்டுவிடுவது கண் பரிசோதனையை. 2 கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். 28 வாரத்துக்கும் முன் பிறந்திருந்தால் இன்னும் சீக்கிரம், 20 நாள் வாக்கில். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதி எழுதியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.